எல்லோருக்கும் பேர் உண்டு

யாரோ வந்து நிற்கிறார்கள். திரும்பிப் பார்க்காமலே கோமளவல்லிக்குத் தெரிந்துவிட்டது. முதுகுப் பக்கம் செருப்புச் சத்தம் வந்து நின்றது, அப்புறம் ஒரு செருமல், அப்புறம் ஒன்றுமில்லை. இந்த ஆபீஸில் இப்போதெல்லாம் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, வந்து நிற்கிறார்கள். நின்று, நம் முதுகு அவர்களைக் கவனிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். நிற்கட்டுமே கொஞ்ச நேரம் என்று அவளும் வீம்புக்குக் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடேன், வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய்? கடைசியில் பாவமாக இருந்தது, திரும்பினாள். எழிலரசன். "ஒரு சின்ன விஷயம்," என்றான். "சொல்லுங்க எழில்." "வெள்ளிக்கிழமை லீவு கேட்டு மெயில் போட்டிருந்தேன். பார்த்தாச்சா?" பார்த்தீங்களா என்றுகூட இல்லை. பார்த்தாச்சா. யார் பார்த்தது என்கிற பேச்சே இல்லாமல் ஒரு கேள்வி. "பார்த்தாச்சு, எடுத்துக்குங்க," என்றாள். தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போய்விட்டான். போன வருஷம் இதே எழிலரசன் தடுப்பின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அக்கா வெள்ளிக்கிழமை லீவுக்கா, மச்சினிக்கு நிச்சயதார்த்தம்க்கா, மாட்டேன்னு சொல்லிடாதீங்கக்கா என்று மூச்சுக்கு மூன்று அக்கா போட்டிருப்பான். அவளும், போன மாசம்தானேடா உன் மச்சினனுக்குக் கல்யாணம், உன் மாமனார் வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டிருப்பாள். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்திருப்பார்கள். இன்றைக்கு அவன் எதற்கு லீவு எடுக்கிறான் என்றே தெரியவில்லை. நல்லதா கெட்டதா, அதுவும் தெரியவில்லை. திருப்பிக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஊழியரின் விடுப்புக்குக் காரணம் கேட்பது அவருடைய சொந்த வாழ்க்கையில் தலையிடுவதாகும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியது யார், அவளேதான்.

எல்லாம் அவள் இழுத்து விட்டுக்கொண்டதுதான், யாரையும் நோக முடியாது. நாலு மணிக்கு நிரஞ்சன் கேட்கப்போகிறான். காலையில் லிப்டில் சொன்னான். "கோமளா, அந்த ரூல் விஷயம். நம்ம சேல்ஸ் ஜெயபால் ரொம்பச் சொல்றார், ஆளுங்க ஒட்டவே மாட்டேங்கிறாங்களாம். வெச்சுக்கலாமா, எடுத்துடலாமா? நீங்க கொண்டுவந்தது, நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்கு ரெண்டும் ஓகே." எம்.டி. ஆகிவிட்ட நிரஞ்சனுக்கு முப்பத்தோரு வயசு. அவன் அப்பாதான் இந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர். நிரஞ்சன் மொட்டை போட்டுக் காது குத்தின அன்றைக்கு வடபழனிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவள் கோமளா. அவன் வாயில் மட்டும்தான் அவள் பேர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்குகிறது. கோமளா, கோமளா. அமெரிக்காவில் படித்தவன், அவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. முதல் தடவை கேட்டபோது பகீர் என்றது, அப்புறம் பழகிவிட்டது. இப்போது யோசித்தால் மொத்த ஆபீஸிலும் அவளைக் கூப்பிடுகிறவன் அவன் ஒருத்தன்தான். அதனால் அவன் கூப்பிட்டால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது. இதை வெளியே சொல்ல முடியுமா, சிரிப்பார்கள்.

ரூல் என்பது ஒரே ஒரு மெயில்தான். பெங்களூரில் ஆரோக்கியமான பணியிடம் என்று இரண்டு நாள் பயிற்சி, ஓட்டல் முழுக்க ஏலக்காய் வாசனை, மேடையில் ஒரு பெண் குட்டை முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி ஒதுக்கிப் பேசினாள். ஒருத்தரை அண்ணன் என்று கூப்பிட்ட பிறகு அவர் செய்கிற தப்பைத் தப்பு என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வரும் என்று கேட்டாள். எல்லோரும் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தபோது கோமளா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வேறொரு முகம் ஞாபகம் வந்துவிட்டது. ஊர் திரும்பியதும் உட்கார்ந்து எழுதினாள். இனிமேல் சார் இல்லை, மேடம் இல்லை, அண்ணா, அக்கா, தம்பி, பாப்பா எதுவும் இல்லை. எம்.டி. முதல் நேற்றுச் சேர்ந்தவர் வரை எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவோம், எல்லோருக்கும் வாங்க போங்கதான். கடைசி வரியாக, எல்லோருக்கும் பேர் உண்டு என்று போட்டாள். அந்த வரி வந்து விழுந்தபோது ரொம்பப் பெருமையாக இருந்தது. டெலிபோன் எடுக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தவள், அடுத்தவர் எழுதியதை டைப் அடித்து அடித்தே பாதி வயசைக் கழித்தவள், எச்.ஆர். தலைவியாகி முதல் தடவையாகத் தானே ஒன்றை எழுதி, அது நாற்பது மேஜைக்கும் போய் அதன்படி உலகம் நடக்கப்போகிறது. வேலை பார்த்ததற்கு இது ஒன்று போதும் என்று நினைத்தாள். இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையும் தப்பு என்று அவளால் சொல்ல முடியாது. அங்கேதான் சிக்கல்.

ஏனென்றால் யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். எல்லோரும் நல்ல ஐடியா என்றார்கள், கைகூடத் தட்டினார்கள், மறுநாளிலிருந்து அவளை எதுவுமே கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள். தங்களுக்குள் பேர் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குக் கஷ்டமில்லை, எழில், ரூபா, ப்ரவீன் என்று முன்னேயும் அப்படித்தானே. அம்மா வயசில் இருக்கிற பெண்பிள்ளையைக் கோமளா என்று எந்த வாய் கூப்பிடும்? அக்கா என்றால் ரூல் உதைக்கிறது, கோமளா என்றால் வளர்ப்பு உதைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு பரிசு கொடுக்கலாம். மேஜைத் தடுப்புக் கண்ணாடியை விரலால் தட்டுவார்கள். ஒரு நிமிஷம் என்பார்கள். இங்க பாருங்க என்பார்கள். அவள் நிமிர்கிற வரை நிற்பார்கள். கான்டீனில் அவள் உட்கார்ந்தால் சாப்பிட்டாச்சா, கிளம்பியாச்சா, மழை வரும்போல இருக்கு என்று ஆளே இல்லாத பேச்சாகப் பேசுவார்கள். அப்புறம் அந்தப் பேச்சும் அலுத்துப்போய், அவள் டிபன் பாக்ஸோடு வருவதைப் பார்த்தால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். வெறுப்பு ஒன்றுமில்லை. வெறுப்பாக இருந்தால் பரவாயில்லையே, சங்கடம். நாம் போய் நின்றால் நான்கு பேருக்குச் சங்கடம் என்று தெரிந்த பிறகு எந்த மூஞ்சியோடு போய் நிற்பது. இப்போது தன் மேஜையிலேயே சாப்பிட்டுவிடுகிறாள். இன்றைக்கு வெண்டைக்காய்ப் பொரியல். நன்றாக வந்திருந்தது. கொஞ்சம் கொடுங்கக்கா என்று கரண்டியோடு வர ஆளில்லை. பாதியை அப்படியே மூடி வைத்துவிட்டாள், சாயங்காலம் வீட்டில் அதையே சாப்பிட்டால் ஆயிற்று. ஏ.சி. நேராகத் தலையில் அடிக்கிறது. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டாள். ஏ.சி.யைக் குறை என்று சொல்லக்கூட யாரையாவது கூப்பிட வேண்டும்.

வாசல் செக்யூரிட்டி மட்டும் மேடம் என்கிறார். அவர் காண்டிராக்டர் ஆள், கம்பெனி ரூல் அவருக்குக் கிடையாது. தினம் காலையில் குட்மார்னிங் மேடம் என்று சொல்லும்போது அவள் முகம் மலர்ந்துவிடுகிறது, அவர் என்ன நினைத்துக்கொள்கிறாரோ. வில்லிவாக்கத்தில் அபார்ட்மெண்ட்டில் அவள் மூணாவது மாடி மேடம். கேஸ் கொண்டுவருகிறவனுக்கு வெறும் மேடம். மஸ்கட்டில் இருக்கிற தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் ம், சொல்லு என்று ஆரம்பிக்கிறான், சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் சொல்லு. கட்டியவன், அவன் சங்காத்தம் ஒன்றரை வருஷத்தில் முடிந்துபோனது, அவன் அவளை இந்தா என்று கூப்பிடுவான். இந்தா, தண்ணி கொண்டா. இந்தா, உங்கப்பன் என்ன சொன்னான். அந்த வீட்டை விட்டு வந்த கையோடுதான் இங்கே டெலிபோன் வேலையில் சேர்ந்தாள். இங்கே எல்லோரும் கோமளா என்றார்கள், வயசு ஏறினதும் கோமளாக்கா ஆனாள், ஏதோ பிறக்கும்போதே அப்படித்தான் பேர் வைத்த மாதிரி அது ஒட்டிக்கொண்டது. போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். வரிசையாக நாற்காலிகள், டி.வி.யில் சத்தமில்லாமல் சமையல் நிகழ்ச்சி. உள்ளேயிருந்து ஒரு பெண் கோமளவல்லி என்று முழுசாகக் கூப்பிட்டாள். படக்கென்று எழுந்து, இங்கே இருக்கிறேன் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஊசி குத்தும்போது வலிக்கவே இல்லை. அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போது அழுகை வந்தது. ஒரு லேபில் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்றுதான்.

அப்போ எடுத்துவிடு என்று சொன்னால் என்ன. நாலு மணிக்குப் போய் நிரஞ்சனிடம், ஆமாம், ஜெயபால் சொல்வது சரி, நம் ஊருக்கு இது ஒத்துவராது, எடுத்துவிடலாம் என்று சொன்னால் முடிந்தது. யாரும் அவளைத் தோற்றவள் என்று சொல்லப்போவதில்லை. சந்தோஷம்தான் படுவார்கள். நாளைக்குக் காலையில் எழில் வருவான், கோமளாக்கா என்று கத்திக்கொண்டே வருவான், இத்தனை நாள் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து. மதியம் பெரிய மேஜையில் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். ரிட்டயர் ஆக இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. ஐந்து வருஷம் யாரும் கூப்பிடாமல் ஒரு மனுஷி இருக்க முடியுமா, பேச்சே மறந்துவிடாதா. எடுத்துவிடலாம். என்ன பெரிய ரூல், கல்வெட்டா. எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். குடித்து மூடுவதற்குள் அந்தக் கமலாப்பழ வாசனை வந்துவிட்டது.

வாசனை எங்கிருந்தும் வரவில்லை, தலைக்குள்ளிருந்துதான். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், காபி போடுகிற பான்ட்ரியில் ரூபாவதி கமலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள், வேலைக்கு வந்து சேர்ந்த புதுசு, தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் எங்கிருந்தோ ரயில் பிடித்து வருகிற பெண். அப்போது கணக்குப் பிரிவுக்கு சபாபதி தலைவர். சபாபதி அண்ணன். எல்லோருக்கும் அண்ணன், கோமளாவுக்குமே அண்ணன்தான். தீபாவளிக்கு எல்லோர் வீட்டுக்கும் ஸ்வீட் அனுப்புவார், யார் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். திட்டும்போது வாயில் வராத வார்த்தை வரும். அண்ணன் திட்டினா கோவிச்சுக்குவியாம்மா என்று மறுநாள் தோளில் கையைப் போடுவார். கை கொஞ்ச நேரம் கூடவே இருக்கும். எல்லோரும் போன பிறகு ரூபாவை மட்டும் இருக்கச் சொல்வார், அண்ணன் கூடத்தானே இருக்கேன், என்ன பயம். ரூபா அழவெல்லாம் இல்லை. பழத்தின் வெள்ளை நாரை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே, "அண்ணன்கிட்ட எப்படிக்கா முடியாதுன்னு சொல்றது?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். கோமளா அதற்கப்புறம் சும்மா இருக்கவில்லை. நிரஞ்சனின் அப்பா, பெரியவர், அப்போது உயிரோடு இருந்தார், நேராகப் போய்ச் சொன்னாள். சபாபதியை வெளியே அனுப்ப எத்தனை இழுபறி. அவர் அப்படிப்பட்டவர் இல்லை, தங்கச்சி மாதிரி நினைத்துத்தான் என்று பாதி ஆபீஸ் அவருக்காகப் பேசியது. தங்கச்சி மாதிரி என்கிற அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டியது. பெங்களூரில் அந்தப் பெண் மேடையில் கேட்ட கேள்வியை அதற்கு முந்தியே ஒரு பெண் பான்ட்ரியில் கேட்டுவிட்டாள், வேறென்ன.

ஆனால் ரூபா எப்படிக்கா என்றுதானே கேட்டாள். இந்த இடத்துக்கு வந்ததும் கோமளாவின் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முள்ளில் மாட்டிய சேலையாக நின்றுவிடும், இழுத்தால் கிழியும். அண்ணன் என்கிற வார்த்தையில் மாட்டிக்கொண்டவள் அக்கா என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். இரண்டையும் ஒரே மெயிலில் தூக்கிக் குப்பையில் போட்டாயிற்று. கோமளா என்று மட்டும் ஒருத்தி இருந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பெண் வாயைத் திறந்திருப்பாளா? பழத்தைத் தின்றுவிட்டுப் போயிருப்பாள். ரூல் வந்ததிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. நிரஞ்சன் அதை வெளியாட்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். பிரச்சினை இல்லாததால் வரவில்லையா, வந்து சொல்ல ஆள் இல்லாததால் வரவில்லையா? இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க முடியாது. மேஜையில் கண்ணாடிப் புட்டியில் சாக்லேட் போட்டு வைத்திருக்கிறாள், வருகிறவர்கள் எடுக்கட்டும் என்று. யாரும் வருவதில்லை, அவளே தின்று சர்க்கரை ஏறியதுதான் மிச்சம், ரத்தப் பரிசோதனையே அதற்குத்தான்.

முந்தாநாள் பான்ட்ரியைக் கடந்துபோனபோது ஜெயபால் குரல் கேட்டது. வந்து மூன்று மாசம் ஆகவில்லை, விற்பனைப் பிரிவுக்குப் பெரிய ஆள், நல்ல சிரிப்பு, எல்லோருக்கும் சமோசா வாங்கித் தருகிறவர். "என்னம்மா ஜெயபால் ஜெயபால்னுட்டு, கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு. அண்ணான்னு கூப்பிடேன், குறைஞ்சா போயிடுவே?" ரூபா இப்போது அவர் பிரிவில் டீம் லீட், கீழே ஆறு பேர் இருக்கிறார்கள், பழைய பெண் இல்லை. என்ன பதில் சொன்னாள் என்று காதில் விழவில்லை, மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் ஒரு கணம் தெரிந்தது. சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. அந்த முகத்தை இரண்டு நாளாக மனசில் வைத்துக்கொண்டு கோமளா அவஸ்தைப்படுகிறாள். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஜெயபால் நிஜமாகவே நல்லவராக இருக்கலாம், எத்தனையோ பேர் அண்ணா என்று கூப்பிடச் சொல்லி அண்ணனாகவே இருந்திருக்கிறார்கள். சபாபதியை நினைத்துக்கொண்டு உலகத்தில் இருக்கிற அண்ணன் எல்லோரையும் சந்தேகப்படுவதா. ஆனாலும் அந்த முகம். பழைய நாளாக இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், என்னடி மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, என்ன சொன்னான் அவன் என்று ஒரு அதட்டில் கேட்டு வாங்கியிருப்பாள். இப்போது ரூபா, உங்களோடு கொஞ்சம் பேசலாமா என்று ஆரம்பிக்க வேண்டும். உங்களோடு. அந்த ஒரு வார்த்தையிலேயே அந்தப் பெண் எழுந்து நின்றுவிடுவாள், ஒன்றுமில்லையே, எல்லாம் நல்லாத்தான் போகுது என்பாள். போனை எடுத்து ரூபா, ப்ரீயா என்று தட்டினாள். அழித்தாள். ரூபா, சாப்பிட்டாச்சா என்று தட்டினாள். பார்த்தால் அவளும் அவர்கள் பாஷையிலேயே பேச ஆரம்பித்திருந்தாள். அதையும் அழித்தாள்.

எடுத்துவிட்டால் எனக்கு அக்கா வரும், ஜெயபாலுக்கு அண்ணா வரும். இரண்டும் சேர்ந்துதான் வரும், ஒன்று மட்டும் வராது. எத்தனை தடவை கூட்டிக் கழித்தாலும் இங்கேயே வந்து நிற்கிறது. எனக்கு அக்கா வேண்டும் என்று வெட்கமில்லாமல் மனசு கேட்கிறது. கேட்கட்டும். ஐம்பத்து மூன்று வயசில் ஒருத்தி தன்னைக் கூப்பிட வேண்டும் என்று ஏங்கினால் அது என்ன கொலைக் குற்றமா? ஆனால் ஏங்குவது நான், அதற்கு விலை கொடுக்கப்போவது இன்னொருத்தியாக இருந்தால்? அந்த முகம் ஒன்றுமில்லாத முகமாக இருந்தால்? ஒன்றுமில்லாததற்கா ஐந்து வருஷம் இப்படி உட்கார்ந்திருக்கப்போகிறேன்? வெளியே எங்கோ எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எழுந்து போய்ப் பார்க்கலாம், போனால் நின்றுவிடும். ஏ.சி. குளிரில் விரல் நுனி மரத்திருந்தது, உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டாள். தெரியவில்லை. உள்ளே போய் நிரஞ்சன் முன்னால் உட்கார்ந்ததும் வாயில் எது வருகிறதோ அது வரட்டும். பயமாக இருந்தது. எது வரும் என்று அவளுக்கே தெரியாததுதான் பயம்.

கண்ணாடியை யாரோ விரலால் தட்டினார்கள். ரூபா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் நோட்பேட், தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, "எம்.டி. வரச் சொன்னார். என்னையும் கூப்பிட்டிருக்கார், ஸ்டாஃப் சார்பா ஒருத்தர் இருக்கட்டும்னு," என்றாள். கோமளா எழுந்தாள். நிரஞ்சன் அறை அடுத்த கோடியில், நீள நடைபாதை, இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். கேள், இப்போது கேள் என்று கோமளாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "வீட்டுல அம்மா நல்லா இருக்காங்களா?" என்றுதான் வாயில் வந்தது. "நல்லா இருக்காங்க." மறுபடி செருப்புச் சத்தம். பிரிண்டர் பக்கம் யாரும் இல்லை. அங்கே வந்ததும் ரூபாவின் நடை தேய்ந்தது, நோட்பேடை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கோமளாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பிரிண்டரைத்தான் பார்த்தாள்.

"அந்த ரூலை எடுக்கப்போறாங்களா?"

"என்னைத்தான் கேட்டிருக்கார். உங்களுக்கெல்லாம் கஷ்டமா இருக்குன்னு சொல்றாங்க."

"கஷ்டம்தான்," என்றாள் ரூபா. அப்புறம் குரலே வெளியே வராமல், "எடுத்துராதீங்கக்கா," என்றாள்.

ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. காதில் விழுந்ததும் கோமளாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, பிரிண்டர் மூடியில் கையை ஊன்றிக்கொண்டாள், அது சூடாக இருந்தது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். கூடவே அந்த முகம் என்ன முகம் என்று புரிந்துவிட்டது. "என்னடி சொன்னான்?" என்றாள், டி தானாக வந்தது. ரூபா தலையை ஆட்டினாள். "இன்னும் ஒண்ணும் இல்லக்கா. நிஜமாவே ஒண்ணும் இல்ல. ஆனா ஜெயபால்னு கூப்பிடும்போது முடியாதுன்னு சொல்ல முடியுது. நேத்து சொன்னேன், ஆறு மணிக்கு மேல இருக்க முடியாது ஜெயபால்னு. பேரைச் சொன்னதும் கொஞ்சம் தள்ளி நின்னுட்டார். அண்ணான்னு ஆரம்பிச்சா எனக்கு அது வராதுக்கா, நான் அப்படித்தான்." கோமளா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ஜில்லென்று இருந்தது, இரண்டு கையும்.

அறையில் ஜெயபால் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எழுந்து நாற்காலியை இழுத்துவிட்டார், மரியாதைக்காரர். நிரஞ்சன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சொல்லுங்க கோமளா," என்றான். அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெயபால் முந்திக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி. உங்களையே எடுத்துக்குங்க, இத்தனை வருஷ சர்வீஸ், எல்லாரும் கோமளாக்கான்னு உயிரா இருந்தாங்களாம். எனக்கே உங்களை அக்கான்னு கூப்பிடணும்போல இருக்கு." நன்றாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வஞ்சனை இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"ரூல் இருக்கட்டும் நிரஞ்சன்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் திடமாக வந்தது. "யாருக்காவது என்கிட்ட வந்து பேசறதுக்குச் சங்கடமா இருந்தா அதுக்கு வேற வழி பார்க்கிறேன். நானே ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் உட்கார்றேன். ஆனா இது இருக்கட்டும். என்னை அக்கான்னு யாரும் கூப்பிட வேண்டாம் ஜெயபால். என் பேரு கோமளா."

சொல்லி முடித்ததும் உள்ளே ஏதோ ஒன்று காலியாகிவிட்டது. இனி ஐந்து வருஷம், அது முடிந்து வெளியே போகிற நாள் வரைக்கும். தானே தன் கையால். ரூபா இருந்த பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நிரஞ்சன் தோளைக் குலுக்கினான். "ரூபா, நீங்க என்ன சொல்றீங்க? நீங்கதான் ஸ்டாஃப் சைடு."

ரூபா நோட்பேடின் ஓரத்தை நகத்தால் கீறினாள். அப்புறம் ஜெயபாலை நேராகப் பார்த்தாள்.

"கோமளா சொல்றதுதான் சரி," என்றாள்.